வாத்தின் வலது பக்கம்

நவம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

ஃபோனில் நீ "ம்" என்கிறாய், "சரி" என்கிறாய், "வச்சிடறேன்" என்கிறாய். அதற்குமேல் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. கடிதமென்றால் ஒரு பக்கமாவது நிரப்பித்தான் ஆகவேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

வீடு பிடித்திருக்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் உன் அத்தானுடைய நாற்றுப்பண்ணை. பச்சை வலைக்குக் கீழே வரிசை வரிசையாகக் கன்றுகள். முன்னறையில் என்னுடைய பல் நாற்காலியைப் போட்டாகிவிட்டது. முதலில் வந்தவர் பக்கத்துத் தோட்டத்து லாரி டிரைவர். வாயைத் திறந்தவர் பல்லைக் காட்டாமல் பேசிக்கொண்டே இருந்தார். "டாக்டரம்மா பிளேன் ஓட்டுவீங்களாமே? அப்புறம் எதுக்குங்க இந்தப் பல்லு வேலை?"

நேற்று அத்தானிடம், "வாத்து எப்படி இருக்கோ" என்றேன். "நீ வாத்து வளத்தியா? சொல்லவே இல்லையே" என்றார். நானும் தம்பியும் சேர்ந்து வாங்கின நாலு சீட்டு விமானம்தான் வாத்து, தரையில் ஆடி ஆடி நடப்பதால் தம்பி வைத்த பெயர் என்று விளக்கினேன். ஏணியில் நாலாவது படி ஏறவே யோசிக்கிற மனிதர். "அதுல நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை தவறாம போவீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பக்கத்துத் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் விமானங்களுக்காக வெட்டிய புல் ஓடுதளம் ஒன்று இருக்கிறது. உரிமையாளரிடம் கேட்டேன், தாராளமாக இறங்கலாம் என்றார். நானே முழு நீளமும் நடந்து பார்த்தேன். தெற்கு முனையில் மட்டும் மண் கொஞ்சம் இளக்கம். சாலையில் வந்தால் ஒரு பகல் முழுக்க ஆகும். வாத்தில் ஒன்றே கால் மணி நேரம். நான் வந்ததிலிருந்து நீ பறந்தாயா?

அக்கா

நவம்பர் 14

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் வேலை அதிகம். கண் பரிசோதிக்கும் பெண் லீவில் போயிருக்கிறாள். லென்ஸ் தேய்ப்பதும் நான்தான், ஃபிரேம் காட்டுவதும் நான்தான்.

வாத்து நன்றாக இருக்கிறது. பேட்டரி இறங்கியிருந்தது, சார்ஜ் போட்டேன். எஞ்சினுக்குக் காற்று போகும் ஓட்டைகள் வழியாகக் குருவி உள்ளே புகுந்து கூடு கட்டப் பார்த்தது. இரண்டு ஓட்டைக்கும் பஞ்சு மெத்தை தைத்து அடைத்திருக்கிறேன். பறக்கவில்லை. வானிலை சரியில்லை.

ஐஸ் ஃபேக்டரிக்காரர் உனக்குத் தெரியும், விமானத் திடலுக்கு வந்து எல்லா விமானத்தையும் தட்டிப் பார்ப்பவர். வாத்தைக் கேட்கிறார். நல்லபடியாக வைத்துக்கொள்வார் என்றே தோன்றுகிறது. பதிவில் இரண்டு பேர் பெயரும் இருப்பதால் இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறித்த இடங்களில் போட்டு அனுப்பினால் போதும். நீ போன பிறகு அது சும்மாதானே நிற்கிறது.

உங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

தம்பி

நவம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

வானிலை சரியில்லை என்று எழுதியிருந்தாய். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று நம் மெக்கானிக் சின்னவருக்கு ஃபோன் செய்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கும்மா. தம்பி ஞாயித்துக்கிழமை தவறாம வர்றாரு. உறையை எடுக்கறாரு, கண்ணாடி துடைக்கறாரு, உள்ள ஏறி உக்காந்துக்கறாரு. ஒரு மணி நேரம் கழிச்சு இறங்கி, மறுபடி உறையைப் போட்டுட்டுப் போயிடறாரு. என்னங்க தம்பின்னு கேட்டா ரேடியோ செக் பண்றேங்கறாரு. ரேடியோவை ஆன் பண்ணாம என்னம்மா செக்கு?"

காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். விற்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உன் கடிதத்தில் ஒரு வார்த்தை உண்மைதான்: வாத்து சும்மா நிற்கிறது, சும்மா நிற்கிற எஞ்சின் துருப்பிடிக்கும். ஆனால் தபாலில் கையெழுத்துப் போடமாட்டேன். நீ வாத்தை இங்கே ஓட்டிக்கொண்டு வா. அதன் மூக்கின்மேல் காகிதத்தை வைத்துப் போட்டுத் தருகிறேன்.

உன் வணக்கத்தை அத்தானிடம் சொன்னேன். "உங்கள் வீட்டுக்காரர்னா யாரு?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

அக்கா

டிசம்பர் 5

அக்காவுக்கு,

சின்னவரிடம் வேவு பார்க்கச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாய். நானும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு உன் கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை. நாற்பத்தாறு வயதில் உனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது. நான் யார் குறுக்கே நிற்க? ஆனால் எப்படிச் சொன்னாய் என்பதை நீயே ஒரு தடவை நினைத்துப்பார். ஏரிக்கு மேலே மூவாயிரம் அடியில் போய்க்கொண்டிருக்கிறோம். நான் ஓட்டுகிறேன், நீ ரேடியோ பேசுகிறாய். விமானத் திடல் டவருக்கு நாம் இருக்கும் இடத்தைச் சொல்லி முடித்தாய். முடித்த கையோடு, "டேய், நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்டா. இந்த ஊரை விட்டுப் போகப் போறேன்" என்றாய். ரேடியோ பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் டவரிலிருந்து அந்த அம்மா, "வாழ்த்துகள். ரன்வே உங்களுக்காகக் காத்திருக்கு" என்கிறார். அதற்குப் பின்னால் பயிற்சி விமானத்தில் இருந்தவர், "சாப்பாடு உண்டா டாக்டர்?" என்கிறார். நாம் இறங்கி எஞ்சினை அணைப்பதற்குள் சின்னவர் கையைத் துடைத்துக்கொண்டு கை குலுக்க வந்துவிட்டார். என் கூடப் பிறந்தவளுக்குக் கல்யாணம் என்று எனக்குத் தெரிந்த அதே நொடியில் ஊருக்கே தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

இறங்கும்போது வாத்து மூன்று தடவை துள்ளியதே, அது காற்றால் அல்ல.

ஐஸ் ஃபேக்டரிக்காரர் மறுபடி கேட்டார். பொங்கும் ஆசையோடு இருக்கிறார். யோசித்துச் சொல்.

தம்பி

டிசம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று நோயாளிகளுக்கு நடுவில் மூன்று தடவை படித்தேன்.

அதைச் சொன்ன நாளுக்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் தரையில் வைத்தே சொல்லப் பார்த்தேன். முதல் வாரம் நீ புது டயர் வந்த சந்தோஷத்தில் இருந்தாய். அடுத்த வாரம் வாத்தைத் தரையோடு கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாய், கேட்கச் சகிக்காமல். உன்னிடம் தரையில் ஒரு கஷ்டமான விஷயத்தைச் சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? "கடையைத் திறக்கணும்" என்று எழுந்து போய்விடுவாய். அப்பா போனபோது அப்படித்தான் போனாய். மேலே இருந்தால் எழுந்து போக முடியாது. அதைச் சொல்லும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். பொத்தானை விட்டுவிட்டதாக நினைத்தேன்.

ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னதற்கு மன்னித்துக்கொள். மேலே வைத்துச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

நீ தனியாகப் பறக்கப் பயப்படுகிறாய் என்று நினைக்கிறேன். தப்பென்றால் திட்டி எழுது. லைசென்ஸ் வாங்கும்போது தனியாகப் பறந்தவன்தானே நீ? பதினோரு வருஷம் நான் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைக் கெடுத்துவிட்டேன்.

அக்கா

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டி எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், இருபது நாள் முன்னால். எழுத வரவில்லை. சரி, பறந்து காட்டிவிட்டு எழுதுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போனேன். நடந்ததைச் சொல்கிறேன். சின்னவர் எப்படியும் ஃபோனில் சொல்லிவிடுவார். நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

காலை ஏழு மணி. காற்றே இல்லை. உறையை எடுத்தேன். பஞ்சு மெத்தைகளை எடுத்தேன். இடது இறக்கைக் கயிற்றை அவிழ்த்தேன், வால் கயிற்றை அவிழ்த்தேன். இடது டேங்க் மூடி திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். இடது டயரை அழுத்திப் பார்த்தேன். வாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் விடவில்லை. ஏறி உட்கார்ந்தேன், எஞ்சின் ஒரே தடவையில் பிடித்தது. மனசுக்குள், "பாத்தியா அக்கா" என்றுகூடச் சொல்லிக்கொண்டேன்.

எஞ்சின் வேகம் கூட்டும் கைப்பிடியை முன்னால் தள்ளினேன். வாத்து முன்னால் போகாமல் வலது பக்கம் திரும்பியது. பிரேக் பிடித்திருக்கிறது போல என்று இன்னும் கொஞ்சம் தள்ளினேன். இன்னும் திரும்பியது. மூக்கு நேராகச் சின்னவரின் டீ ஸ்டூலைப் பார்த்தது. அவர் டீயைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். எஞ்சினை அணைத்தேன்.

"ஏன் தம்பி, கட்டிப்போட்ட மாட்டை விரட்டினா அது சுத்தித்தானே வரும்?" என்றார்.

வலது இறக்கைக் கயிறு கட்டினபடியே இருந்தது.

அதைவிட மோசம் அதற்கப்புறம்தான். வலது டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லை. எஞ்சின் எண்ணெய் பார்க்கவில்லை. புரொப்பெல்லரைத் தொடவில்லை. பார்க்க மறந்தேன் என்று சொன்னாலும் பொய். வலது பக்கமும் மூக்கும் உன்னுடையவை. இடது பக்கமும் வாலும் என்னுடையவை. பதினோரு வருஷமாக நான் என் பாதியை முடித்து ஏறும்போது நீ உன் பாதியை முடித்து ஏறுவாய். என் கை அங்கே போனதே இல்லை. பாதி விமானம்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அந்தக் கயிறு மட்டும் கட்டியிருக்காவிட்டால், எஞ்சினில் எண்ணெய் இல்லாமல் இருந்தாலும் அப்படியே மேலே போயிருப்பேன். ஐஸ் ஃபேக்டரிக்காரருக்குக் கொடுத்துவிடுவதுதான் சரி என்று தோன்றுகிறது. இது கோபத்தில் எழுதுவது இல்லை, அக்கா.

தம்பி

ஜனவரி 13

என் அருமைத் தம்பிக்கு,

முதலில் சிரித்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நானும் இதே தப்பைத்தான் செய்திருப்பேன், இடது இறக்கையைக் கட்டிப்போட்டுவிட்டு. வாலில் எது ஆடவேண்டும், எது ஆடக்கூடாது என்று இன்றைக்கு நீ கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வா, என் பாதியைக் காட்டுகிறேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நட.

வலது கயிற்றில் இருப்பது என்னுடைய முடிச்சு. உன்னுடையது மாதிரி மல்லுக்கட்ட வேண்டாம், தொங்குகிற நுனியை இழுத்தால் போதும். இறக்கைக்கு ஏறும்போது வலது படி கொஞ்சம் வழுக்கும். டேங்க் மூடி நேராகத் திறக்காது. மூடுகிற பக்கமே லேசாகத் திருப்பி, பிறகு திற. பெட்ரோல் காட்டும் முள்ளை நம்பாதே, வலது முள் எப்போதும் நல்ல செய்தியே சொல்லும். குச்சி விட்டுப் பார். கீழே இறங்கி, டேங்கின் அடிக்குழாயிலிருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் காட்டு. தண்ணீர் இருந்தால் அடியில் மணி மாதிரி உருளும். பிடித்த பிறகு அந்தக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். விரலால் ஒரு சுண்டு சுண்டினால் நின்றுவிடும். ஏன் என்று கேட்காதே.

டயரைக் கண்ணால் பார்க்காதே, உள்ளங்கையால் சுற்றித் தடவு. மூக்குக்கு வா. எண்ணெய்க் குச்சியைத் துடைத்துவிட்டு இரண்டாவது தடவை பார்ப்பதுதான் கணக்கு. புரொப்பெல்லரின் ஓரத்தைக் கட்டைவிரலால் முழு நீளமும் தொட்டுக்கொண்டே போ. கல் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். நான் அதைச் சொத்தை தேடுகிற மாதிரித்தான் பார்ப்பேன். எதிர்த்து முனகாத ஒரே வாய் அது.

வலது சக்கரத்தின் மூடியில் ஒரு நசுங்கல் இருக்கும். அதைப் பற்றி நாம் பேசவேண்டாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் விற்கத்தான் தோன்றினால் காகிதத்தைத் தபாலில் அனுப்பு. வாத்தின் மூக்கின்மேல் வைத்துத்தான் போடுவேன் என்று அடம்பிடிக்கமாட்டேன். போட்டு அனுப்பிவிடுகிறேன்.

அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நசுங்கலைப் பார்த்தேன். சின்னவரிடம் கேட்டேன். "அது நாலு வருஷமா இருக்கு தம்பி. டாக்டரம்மாதான், நீங்க இந்தப் பக்கம் வரமாட்டீங்க, விடுங்கன்னாங்க." நாலு வருஷம்!

மூன்று தடவை உன் கடிதத்தோடு வாத்தைச் சுற்றினேன். நாலாவது தடவை கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. குழாயைச் சுண்டினேன், நின்றது. ஐஸ் ஃபேக்டரிக்காரர் அப்போது வந்தார். பின்னாலேயே நடந்தார். மூடியை எப்படித் திறக்கவேண்டும், முள் எப்படிப் பொய் சொல்லும் என்று காட்டிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், நீங்க விக்கிற ஆள் மாதிரி தெரியலையே. பொண்ணு காட்டிட்டுக் குடுக்கமாட்டேங்கற மாதிரி இருக்கு" என்றார். வேறு ஒன்று பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை, நல்ல மனிதர்.

போன வாரம் திடலைச் சுற்றி மட்டும் தனியாகப் பறந்தேன். திரும்புவதற்கு முன் பழக்கதோஷத்தில், "வலது பக்கம் கிளியரா?" என்று கேட்டுவிட்டேன். யாரும் இல்லை. எட்டிப் பார்த்து நானே கிளியர் என்று சொல்லிக்கொண்டேன். ஆள் குறைந்ததால் வாத்து வழக்கத்தைவிடச் சீக்கிரமே தரையை விட்டுவிட்டது. அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று உன்னிடம் வரத்தான் கிளம்பினேன். கணவாய் வரை நல்ல வெயில். அங்கே மேகம் மலை முகட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. உன் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. ஒரு சந்து மாதிரி இருந்தது, நுழைந்துவிடலாம் போலவும் இருந்தது. இரண்டு தடவை வட்டமடித்துப் பார்த்தேன். திரும்பிவிட்டேன். இறங்கியதும் ஃபோன் செய்தபோது நீ ஒன்றும் சொல்லாமல் "ம்" என்றாய். அத்தான் வேறு அங்கே வெயிலில் நின்றிருப்பார். வருத்தமாக இருக்கிறது.

தம்பி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் "ம்" என்றதற்குக் காரணம் கோபம் இல்லை. மலைமேல் இருந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றிருந்தேன். அந்தச் சந்து மாதிரி இடைவெளியை நானும் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வந்துவிடாதே, வந்துவிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ திரும்பி இறங்கிவிட்டாய் என்று கேட்டதும் அத்தானைப் பார்த்துக் கையை ஆட்டினேன், ஃபோனுக்கு அந்த ஒரு எழுத்துதான் மிஞ்சியது. வந்து சேர்ந்திருந்தால்கூட உன்னை இவ்வளவு மெச்சியிருக்கமாட்டேன்.

அத்தானுக்கு ஒன்றும் இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியட்டும் என்று நாற்று மூடும் வெள்ளைத் துணியைக் கம்பத்தில் கட்டியிருந்தார். இன்னும் அவிழ்க்கவில்லை. விதைப் பொட்டலத்தில் எழுதியிருப்பதை இப்போதெல்லாம் கையை முழுக்க நீட்டித்தான் படிக்கிறார். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால், "கை கொஞ்சம் நீளமா இருந்தா போதும்" என்கிறார்.

அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்று செய்துவிட்டேன். எவ்வளவு தூரத்தில் வைத்துப் படிக்கிறார் என்று நீ ஃபோனில் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டது; சரியில்லையென்றால் மாற்றித் தருகிறேன். தபாலில் அனுப்பினால் உடைந்துவிடும்.

அடுத்த வார ஞாயிறு வானம் பார்த்துவிட்டுக் கிளம்புவேன். தெற்கு முனை இன்னும் இளக்கமாக இருக்கிறதா? அத்தானிடம் கேட்டுச் சொல்.

தம்பி

பிப்ரவரி 22

தம்பி,

நீ சாப்பிட்டுவிட்டு உன் அத்தானோடு பண்ணையைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறாய். அவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு செடியின் பெயரையும் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் விடமாட்டார். அதற்குள் இதை எழுதி, வலது சீட்டில் பெல்ட்டுக்குக் கீழே வைத்துவிடுகிறேன். ஊருக்குப் போய், இரண்டு இறக்கையையும் வாலையும் கட்டின பிறகு படி.

காகிதத்தை நீ கொண்டுவரவே இல்லை என்று அத்தான் சொன்னார். நானும் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு நீ இங்கே வருகிறாய். ஒரு ஞாயிறு நான் ரயிலில் அங்கே வருகிறேன். வாலை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு நீ சொல்லித் தரவேண்டும்.

உன்னிடம் நேரில் சொல்ல வராத ஒன்றை எழுதுகிறேன்.

காலையில் நாங்கள் ஓடுதளத்து ஓரத்தில் நின்றிருந்தோம். எனக்குச் சத்தம்தான் முதலில் வரும் என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அத்தான்தான், "அது பருந்தா?" என்று கை காட்டினார். மலைக்கு மேலே ஒரு புள்ளி. நகர்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இறக்கை தெரிந்தது. அப்புறம்தான் சத்தம், மெதுவாக, தையல் மிஷின் மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருஷத்தில் வாத்து பறந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவைகூட. அது பறந்தபோதெல்லாம் நான் உள்ளேதான் இருந்தேன். உள்ளே இருக்கும்போது அது எவ்வளவு பெரியது! நாம் சண்டை போட்டது, சமாதானமானது, அப்பாவைப் பற்றிப் பேசினது, ஊருக்கே கேட்கக் கல்யாணத்தைச் சொன்னது எல்லாம் அதற்குள்தான். வெளியிலிருந்து பார்த்தால் இத்தனூண்டு. வயிற்றில் எண்ணெய்க் கோடு ஒன்று, வெயிலில் மின்னுகிறது. இறக்கை லேசாக இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. அதற்குள்ளே நீ தனியாக இருந்தாய்.

நீ திரும்பி, ஓடுதளத்தை நேராகப் பிடித்து இறங்க ஆரம்பித்தாய். உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்கிற மாதிரி என் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. அத்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், என்னாச்சு? எதுக்கு அழற?" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "கொஞ்சம் உயரமா வர்றான்."

அக்கா